ஏழில் செவ்வாய்

கச்சேரி மூன்றாம் மாடியில்
லீவுக் கொப்பி என் மேசையில்தான் இருக்கிறது.
பதினெட்டு வருடமாய்
மற்றவர்கள் வராத நாட்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறேன்.

அடுத்த வருடத்து விடுமுறைப் பட்டியல் வந்த மத்தியானம்
இரண்டு போயா ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது.
"களவெடுத்துப்போட்டாங்கள்" என்றார் செபமாலை அண்ணர்.
மஸாஹிரா சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி கேட்டாள்:
"செவ்வாய்க்கு ஆக்களைக் குடியேத்தப் போறாங்களாம்.
அங்க லீவு எப்படி?"

குடியேற்றம் என்ற சொல்லுக்கு
இந்த மாவட்டத்தில் ஒருவரும் உடனே சிரிப்பதில்லை.
மின்விசிறி சுற்றியது.
பிறகு செபமாலை அண்ணர் சிரித்தார், நாங்களும்.

சுற்றறிக்கையின் வெறும் பக்கத்தில் கட்டம் கீறினோம்.
முதல் வழக்கு நிலவு.
அங்கே இரண்டு; எதற்குப் போயா?
பெரியது நாளுக்கு இரண்டு தரம் எழும்புமாம்.
அப்படியென்றால் சாராயக்கடை திறக்கவே திறக்காது,
அண்ணரின் முகம் வாடிப்போனது.
பிறை பார்க்கிறவர்கள் எந்தக் கூரையில் ஏறுவது,
கண்ணாடி முழுக்கத் தூசியாயிருக்குமே என்றாள் மஸாஹிரா.
"மேற்கில உதிச்சுக் கிழக்கில மறையுமாம் அந்த நிலவு"
இது நான்.
"அதில என்ன புதுமை, சுற்றறிக்கையும் அப்படித்தானே."

சுதந்திர தினம்?
யாரிடமிருந்து என்று கேட்டு அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டோம்.
பியசிலி மிஸ் வெசாக்குக்கு இரண்டு நாள் கேட்டா, கொடுத்தோம்.
அங்கே சூரியன் சின்னன்,
பொங்கலுக்கு அரை நாள் போதும் என்றா.
நான் சண்டை பிடித்தேன்.
இல்லாத ஊரின் இல்லாத அரை நாளுக்கு
தொண்டை அடைக்கச் சண்டை பிடித்தேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த லெச்சுமணன்
நாட்சம்பளக்காரர்.
கலண்டரில் ஒவ்வொரு சிவப்புத் தேதியும்
அவர் வீட்டு உலையில் ஒரு சுண்டு அரிசி குறையும்.
"மூச்சுக்காத்தே மெசின்லதான் வருமாம்ல,
பெருநாளுல அத யாரு ஓட்டுறது?"
ஒருவரும் பேசவில்லை.
"அந்தக் கிரகமே முழுக்கச் சிவப்பாமே.
அப்ப எனக்கு ஒரு நாளும் சம்பளமில்ல"
என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

நாலரைக்கு பஸ் நிலையத்தில் ஒரு மான்
எண்ணெய்க் கடதாசியை மென்றுகொண்டு நின்றது.
ஏழில் செவ்வாய் என்று
நாற்பத்திரண்டு வயது வரை
என் சாதகத்தைத் திருப்பித் திருப்பித் தந்தார்கள்.
என் வீட்டில் அவன் வாடகையில்லாமல் இருக்கிறான்.
அவன் வீட்டுக்கு நான் போனால்
யாருக்குத் தோஷம்?

அங்கே வருடத்துக்கு அறுநூற்று எண்பத்தேழு நாள்.
உப்புவெளி தாண்டும்வரை கணக்குப் பார்த்தேன்.
பதினாறு தரம் வந்த தம்பியின் நாள்
எட்டரைத் தரம்தான் வந்திருக்கும்.
மனம் ஒரு கணம் இலேசானது.
உடனே வெட்கப்பட்டது.

அது எந்தப் பட்டியலிலும் இல்லாத நாள்.
கறுப்புத் தேதி. அலுவலகம் திறந்திருக்கும்.
சந்தியில் யாரோ பாற்சோறு பகிர்ந்துகொண்டு நிற்பார்கள்.
ஒவ்வொரு மே மாதமும்
படிவத்தில் காரணம் என்ற கட்டத்துக்குள்
தலையிடி என்று எழுதுகிறேன்.
பியசிலி மிஸ் நிமிராமல் கையெழுத்து வைப்பா.

ஓகஸ்டில் ஒரு நாள் அவவுக்கு வயிற்றுவலி.
நான் வேலைக்கு வந்ததிலிருந்து அதே தேதி.
கொப்பியில் நான்தான் பதிகிறேன்,
கேட்டதில்லை.

மறுநாள் காலை அந்தக் கடதாசி
கொப்பிக்குள் மடித்துக் கிடந்தது.
பொங்கலுக்குக் கீழே, பென்சிலில்,
சிங்களம் எழுதிப் பழகிய கையின் உருண்டைத் தமிழில்:
தலையிடி. முழு நாள்.

அதற்கடுத்த கோட்டில்
நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.